ஏ ஸ்டார் இஸ் பார்ன்: 1954-ஆ, 2018-ஆ?

இந்தப் பெயரில் ஹாலிவுட் 4 படம் எடுத்துவிட்டது: 1937, 1954, 1976, 2018. குடியில் சரியும் பிரபலம், அவன் கண்டெடுத்து ஏற்றிவிடும் பெண், இருவருக்கும் காதல். கதை தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் போட்டி 1954-க்கும் 2018-க்கும்தான் என்பேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். என் ஓட்டு 1954-க்கு.

2018 படத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிராட்லி கூப்பரும் லேடி காகாவும் பாட்டுகளை நேரடியாகவே பாடிப் பதிவு செய்தார்கள். ‘ஷாலோ’ ஆஸ்கர் வாங்கியது. முதல் ஒரு மணி நேரம் அபாரம். ஆனால் படத்தை இயக்கிய கூப்பரின் கண் தான் நடிக்கும் பாடகன் ஜாக்சன் மேலேயே இருக்கிறது: அவன் காது இரைச்சல், அண்ணனோடு மனக்கசப்பு, போதை. காகா நடிக்கும் அலிக்குப் புகழ் வந்ததும் தலைமுடி நிறம் மாறுகிறது, நடனக் குழு சேர்கிறது. அவளுக்குள் என்ன நடக்கிறது?

அதற்கான பதில் 1954 படத்தில், ஒரே காட்சியில் இருக்கிறது. சோகத்தை விரட்டு என்று துள்ளும் ஒரு பாட்டின் படப்பிடிப்பு. இடைவேளையில் ஒப்பனை அறைக்கு வரும் நாயகி ஜூடி கார்லண்ட், முகத்தில் வரைந்த புள்ளிகளோடு, ஸ்டுடியோ முதலாளியிடம் உடைந்து அழுகிறார். கணவன் தோற்றுக்கொண்டே இருப்பதால் அவனை வெறுக்கிறேன், அப்படி வெறுக்கும் என்னையும் வெறுக்கிறேன் என்கிறார். அப்புறம் எழுந்து போய், அதே சிரிப்போடு மிச்சப் பாட்டை ஆடி முடிக்கிறார். புகழ் தரும் அழுத்தத்தைப் பற்றி வசனமே வேண்டாம். அழுகைக்கு முன்னும் பின்னும் அந்தப் பாட்டு இருந்தால் போதும்.

வினை அங்கேதான். 181 நிமிடப் படத்தை வெளியான பிறகு வார்னர் நிறுவனம் 154 நிமிடமாக வெட்டியபோது அந்தப் பாட்டும் போய்விட்டது. அழுகை மட்டும் தனியாக நின்றது. 1983-இல் மீட்டெடுத்த 176 நிமிடப் பதிப்பில் பாட்டு திரும்பி வந்தது; கிடைக்காத சில காட்சிகளுக்கு மட்டும் ஒலியோடு ஸ்டில் படங்களைக் காட்டுகிறார்கள். அது கொஞ்சம் உறுத்தும், பழகிவிடும். ஆக, தேடிப் பார்ப்பதென்றால் நீளமான பதிப்பையே பாருங்கள்.

சினிமாஸ்கோப்பில் எடுத்த அந்தப் படத்தை நான் டிவியில்தான் பார்த்தேன். பெரிய திரையில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தகுதியில்லை. 3 மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கு 2018 படம் 136 நிமிடம்தான்.