கோட்டை அருகே ஒரு பழைய புத்தகக் கடை

வேலூர் கோட்டைக்கு அருகிலுள்ள இந்தக் கடையில் உலக வரலாற்றுக்கென்றே தனி அலமாரி இருக்கிறது. உக்ரைனின் கொசாக் போர்வீரர்களுக்குத் தலைவரான போஹ்தான் கெமெல்னித்ஸ்கியின் மகன் திமிஷைப் பற்றிய நூல் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. 1648-இல் கிரிமியாவை ஆண்ட கானிடம் பிணையாக விடப்பட்ட பிள்ளை அவன். 1652-இல் பாத்திஹ் போரில் தந்தையுடன் நின்று போலந்துப் படையை முறியடித்தான். அதே ஆண்டு மால்டேவிய இளவரசி ருக்சாந்திராவை மணந்தான். மறு ஆண்டு ஃபிந்தா போரில் தோல்வி. பிறகு சுசாவா கோட்டை முற்றுகையில் பீரங்கிக் காயம்பட்டு இறந்தான். வயது 21 இருக்கும், பாவம்! திப்புவின் பிள்ளைகளைக் காவலில் வைத்திருந்த ஊர்க்காரனான எனக்கு அந்தப் பிணை அத்தியாயம் நெஞ்சைப் பிசைந்தது. கடைக்காரர் வரைபடப் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தந்தார். உள்ளே வெளிச்சம் குறைவு, பகலிலேயே செல்லுங்கள்.