லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள்: வேப் திரவம் வாங்குவோர் கவனத்திற்கு

பதினெட்டு ஆண்டுகளாகப் புகைத்துவந்த சிகரெட்டை விட்டுவிடலாம் என்று எண்ணித்தான் நான் வேப் பக்கம், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட் பக்கம், போனேன். காட்பாடியில் என்னோடு வேலை செய்யும் நண்பர் கொடுத்த வாட்ஸ்அப் எண்ணின் வழியே, அதில் ஊற்றும் திரவத்தை விற்கும் ஒரு சிறு வியாபாரியின் தொடர்பு கிடைத்தது. 30 மில்லி பாட்டில் 900 ரூபாய். பணத்தை அனுப்பியதும், வேலூர் புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பையன் பைக்கில் வந்து பாட்டிலைக் கையில் கொடுத்தான். பில் கேட்டேன், சிரித்தான். நான் அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆற்காட்டு மக்கன் பேடா தின்று வளர்ந்தவன் என்பதால் வெண்ணெய் மணம் கொண்டதையே தேர்ந்தெடுத்தேன். மில்லிக்கு 3 மி.கி. நிகோட்டின் என்று லேபிளில் அச்சிட்டிருந்தது. முதல் பாட்டிலில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டிலோ, அதே பெயர், அதே லேபிள் என்றாலும், கருந்தேன் நிறத்தில் இருந்தது. நாலைந்து முறை இழுப்பதற்குள் தலை சுற்றி, உடல் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துவிட்டேன். இரவு அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்தபோது லேபிளின் ஓரம் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து உரித்தால், அடியில் வேறொரு லேபிள்: வேறு மணம், மில்லிக்கு 18 மி.கி. நிகோட்டின். ஆறு மடங்கு! இரண்டில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். தயாரித்தவர் பெயர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த நாள் ஆகியவை இரண்டு லேபிளிலும் இல்லை.

இதை யார் தயாரித்தது, எங்கிருந்து வருகிறது என்று அந்த எண்ணுக்கு எழுதிக் கேட்டேன். "சார், பெங்களூர் பார்ட்டி சரக்கு, எல்லாம் ஃபுட் கிரேடுதான்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மேலும் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அந்த 'ஃபுட் கிரேடு' என்ற சொல்லில்தான் பலரும் ஏமாறுகிறோம். வயிற்றுக்குள் போகத் தகுந்த பொருள் நுரையீரலுக்குள் போகவும் தகுந்தது என்று யாரும் சான்று தரவில்லை. வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டைஅசிட்டைல் உணவில் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அமெரிக்காவின் மிசௌரியில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்து, மீளமுடியாத நுரையீரல் நோய்க்கு ஆளானது 2000ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. திரவத்தின் பெரும்பகுதியாக இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகியவற்றின் தூய்மையும் அப்படித்தான். அவற்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்துவிட்டால், கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க வழியில்லை. 2025இல் நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் இதே நச்சு இருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். உரிமம் பெற்ற ஆலையிலிருந்து வந்த மருந்து என்பதால் தொகுதி எண்ணை வைத்து ஆலைவரை போக முடிந்தது. என் பாட்டிலை வைத்துக்கொண்டு எங்கே போவது?

சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியபோதுதான் என் நிலைமை புரிந்தது. தமிழ்நாட்டில் 2018 முதலும், நாடு முழுவதும் 2019 செப்டம்பர் 18 முதலும் மின்சிகரெட்டுக்குத் தடை இருக்கிறது. மத்தியச் சட்டப்படி விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தடை தெரிந்தே வாங்கிய நான், பெயர் தெரியாத ஒருவர் மீது, பில் இல்லாத ஒரு பொருளுக்காக என்னவென்று புகார் எழுதுவது? அந்த வியாபாரியின் துணிச்சலுக்குக் காரணமே இந்தச் சங்கடம்தான்.

மருத்துவரிடம் திட்டு வாங்கிய பிறகு, புகையிலையை விடுவதற்கான அரசின் இலவச எண் 1800-11-2356இல் பேசினேன். இப்போது மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் வாங்குகிறேன். ருசி சகிக்கவில்லை, ஆனால் அந்தச் சிறிய அட்டையின் பின்புறம் 2 மி.கி. என்ற அளவும், ஆலையின் முகவரியும், தொகுதி எண்ணும், காலாவதி நாளும் இருக்கின்றன.

மீதித் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றவும் மனமில்லை, குப்பையில் போட்டால் குழந்தைகள் கையில் கிடைக்கும் என்ற பயம் வேறு. அதன் மூடி மூன்று வயதுப் பிள்ளையே திருகித் திறக்கக்கூடியது. இப்போதைக்குப் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நண்பரின் கைபேசியில் பார்த்தேன். அதே எண்ணில் போன வாரம் மாம்பழ மணம் புதிதாக வந்திருக்கிறதாம்.