ரோஸ்ஹிப்பா, நெல்லிக்காயா? பெரியம்மாவின் முழங்கால் கிளப்பிய கேள்வி

ஸ்வீடனில் வேலை பார்க்கும் பெரியம்மா மகள் இந்த முறை மதுரைக்கு வரும்போது இரண்டு பொட்டலங்கள் கொண்டுவந்தாள். ஒன்றில் காய்ந்த சிவப்புத் துண்டுகள், இன்னொன்றில் ஆரஞ்சு நிறப் பொடி. ரோஜாப் பழமாம். நாம் ரோஸ்ஹிப் என்று படிப்பதை அங்கே நீபோன் என்கிறார்கள், அதில் இனிப்பு சூப்பே வைத்துக் குடிக்கிறார்கள். துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து ஒரு டம்ளர் நீட்டினோம். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏப்பா, புளித்தண்ணியில சீனி போட்ட மாதிரில்ல இருக்கு? இதுக்கு ஒரு நெல்லிக்காயக் கடிச்சிட்டுப் போயிரலாமே?" என்றார்.

நியாயமான கேள்விதான். முதலில் வைட்டமின் சி. செடியில் பறித்த காட்டு ரோஜாப் பழத்தில் 100 கிராமுக்கு 426 மில்லிகிராம் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. நெல்லிக்கு நம் பழைய அட்டவணைகளில் 600 என்று இருந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அது 250 சொச்சமாக இறங்கிவிட்டது. கொய்யா 200க்கு மேல். ஆக, பச்சையாக எடை போட்டால் ரோஸ்ஹிப்தான் முந்துகிறது. ஆனால் பச்சை ரோஸ்ஹிப் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வருவதில்லையே! நம் கைக்கு வருவது காய்ந்த சரக்கு. காயும்போது கொஞ்சம், பொட்டலத்தில் மாதக்கணக்கில் கிடக்கும்போது கொஞ்சம், கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் என்று வைட்டமின் சி போய்க்கொண்டே இருக்கும். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. நல்ல பருமனான ஒரு நெல்லிக்காயிலேயே ஏறக்குறைய அது கிடைத்துவிடும். ஆயக்குடிக் கொய்யா ஒன்று தின்றால் தேவைக்கு மேலேயே.

இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு ஏற்றிய கப்பல்கள் வருவது குறைந்தபோது, பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை வேலியோரம் அனுப்பி ரோஜாப் பழம் பறிக்கச் சொன்னார்கள். 1941 முதல் அதைப் பாகாகக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. அழகர்கோயில் போகிற வழியில் நெல்லிக்காயைக் கூறு கட்டி விற்கிற ஊரில் இருக்கும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

சரி, பெரியம்மாவைப் படுத்தும் மூட்டுவலிக்கு? இங்கேதான் ரோஸ்ஹிப்புக்குத் தனிக்கணக்கு இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த மூன்று ஆய்வுகளை 2008இல் சேர்த்துப் பார்த்தார்கள். வலி ஓரளவு குறைந்தது. ஆனால் மொத்தமே 287 பேர், அதுவும் சில மாதங்கள்தான். ஆய்வுகளுக்குப் பின்னால் பொடி தயாரித்த நிறுவனத்தின் பணமும் இருந்தது. ஆகவே கொஞ்சம் நம்பலாம், தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். இதில் நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று: அவர்கள் கொடுத்தது தேநீர் அல்ல, அதிகம் சூடாக்காமல் உலர்த்திய பொடி, நாளுக்கு 5 கிராம் அளவில். வலிக்கு உதவுவதாகச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று கொழுப்பு வகையைச் சேர்ந்தது. அது தண்ணீரில் எளிதாக இறங்காது. 'மூட்டுக்கு நல்லது' என்று தேநீரைக் குடிப்பவர்கள் அதைச் சுவைக்காகத்தான் குடிக்கிறார்கள்.

தேநீராகவே வேண்டுமென்றால் இரண்டு ஸ்பூன் துண்டுகளை வெந்நீரில் போட்டு மூடி, பத்து பதினைந்து நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்ட வேண்டும். டீ வடிகட்டி போதாது. பழத்துக்குள் விதையைச் சுற்றி நுண்ணிய சுணை இருக்கிறது. அது தொண்டையில் பட்டால் அரிக்கும். நம்மூரில் பூனைக்காலியை வைத்துச் செய்கிற குறும்பை ஐரோப்பாவில் பிள்ளைகள் இந்தச் சுணையை வைத்துச் செய்வார்களாம்.

நம் வீட்டு ரோஜாவிலேயே காய் எடுக்கலாமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பூ செடியிலேயே வாடி உதிர்ந்தால்தான் காய் பிடிக்கும். மதுரையில் பூவைச் செடியில் வாட விடுகிற வீடு எது? மாலைக்கு வரும் தோட்டத்து ரோஜாவில் பூச்சிமருந்து வேறு அடித்திருப்பார்கள்.

வீட்டு உபயோகத்தில் போட்டியே இல்லை. நெல்லியை ஊறுகாய் போடலாம், மோரில் அரைத்துவிடலாம், துருவிச் சாதம் கிளறலாம். பச்சைக்காய் இல்லாத நாளில் கீழமாசி வீதியில் நெல்லிமுள்ளி வாங்கிக்கொள்ளலாம். நெல்லிப்பொடியையும் மருதாணியையும் இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் கறுத்துவிடும், தலைக்கு அதுதான் வேண்டும். ரோஸ்ஹிப் விதை எண்ணெயை முகத்துக்குப் பூசுகிறார்கள். சித்திரை வெயிலில் நான் பூச மாட்டேன். தேன்நெல்லி சத்து என்று நினைத்துச் சர்க்கரைக்காரர்கள் ஏமாற வேண்டாம், பெரும்பாலும் அது சீனிப்பாகு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் இரண்டு பொடியில் எதைத் தொடங்கினாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

துண்டுப் பொட்டலம் பிரித்தது பிரித்தபடி கிடக்கிறது. பொடியை மட்டும் பெரியம்மா தினம் ஒரு டம்ளர் மோரில் கலக்கிக் குடிக்கிறார். கொதிக்க வைக்கச் சோம்பல், அவ்வளவுதான். ஆய்வில் பொடியாகக் கொடுத்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. முழங்கால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறதாம், முன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லையாம்.