தனுஷ்கோடி மணலில் பெரிய கேமராவும் சிறிய கேமராவும்

பல ஆண்டுகள் தோளில் சுமந்த முழுச்சட்ட டிஎஸ்எல்ஆரையும் (பெரிய சென்சார் கொண்ட, லென்ஸ் மாற்றும் கேமரா) அதன் ஜூம் லென்ஸையும் கொடுத்துவிட்டு, சென்ற ஆண்டு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் வகையைச் சேர்ந்த ஓஎம்-1 கேமராவை வாங்கினேன். கேமராவே விற்காத காலத்தில் இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். கேமராவைச் சிறிதாகச் செய்தால் மீண்டும் விற்கும் என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் 12 கோடிக்கும் மேல் சந்தைக்கு வந்த டிஜிட்டல் கேமராக்கள் 2023இல் ஏறத்தாழ 77 லட்சமாகச் சுருங்கின. கைப்பேசிதான் காரணம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சரிவில் பெரும்பங்கு சட்டைப்பையில் அடங்கும் கேமராக்களுடையது. லென்ஸ் மாற்றும் கேமராக்கள் 2012இல் தொட்ட 2 கோடியிலிருந்து 2023இல் 60 லட்சம் அளவுக்கு இறங்கின. ஆகவே, சிறிதாகச் செய்தால் விற்றுவிடும் என்ற வாதம் எடுபடாது. சிறிய கருவிகளை நம்பியிருந்த ஒலிம்பஸ் நிறுவனமே 2020இல் கேமராத் தொழிலை விற்க முடிவு செய்தது. விற்பனைக்கு அளவு முக்கியமில்லாமல் போகலாம். உப்புக் காற்றில் ஒரு கருவி எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு அது மிகவும் முக்கியம் என்பதே என் அனுபவம்.

எடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய இணை மூன்று கிலோவைத் தாண்டும். புதிய கேமரா 599 கிராம். 40-150 மி.மீ. ஜூம் லென்ஸும், அதன் எட்டும் தூரத்தை 1.4 மடங்கு கூட்டும் கன்வெர்ட்டரும் சேர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கி, முழுச்சட்டக் கணக்கில் 420 மி.மீ. வரை எட்டுகிறது. கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகளுக்காகக் காலையெல்லாம் நிற்பவருக்கு இந்த வேறுபாடு தோளிலேயே தெரியும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பழைய லென்ஸ் ஜூம் செய்யும்போது முன்னால் நீளும். மீண்டும் உள்ளே போகும்போது வெளிக்குழலில் ஒட்டிய மணலையும் கூடவே இழுத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசிய ஓர் ஆனி மாதத்தில், தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் ஆலா என்னும் கடற்பறவைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது ஜூம் வளையம் முதலில் நறநறத்தது, பிறகு பாதியில் இறுகி நின்றுவிட்டது. பழுதுபார்க்கச் சென்னைக்கு அனுப்பிய லென்ஸ் திரும்பி வருவதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிட்டது. இப்போதுள்ள லென்ஸில் ஜூம் முழுவதும் குழலுக்குள்ளேயே நடப்பதால் நீளம் மாறுவதில்லை. தூசியும் தூறலும் புகாத காப்பும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய தொல்லை பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவரே வியர்க்கும் ஊரில், பையோடு அலமாரியில் வைத்த பழைய லென்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. சமையலறையில் இருந்த காற்றுப்புகா டப்பா எதிலும் அந்த லென்ஸ் நுழையவில்லை. இப்போது கேமராவும் லென்ஸும் ஒரே டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடங்கிவிடுகின்றன. மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் பொட்டலத்தை மாற்றுகிறேன். கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். கருவி சிறியதாக இருப்பதால், களைத்து வந்த மாலையிலும் இதைத் தள்ளிப்போடாமல் செய்துவிட முடிகிறது.

பெரிய கேமராவுக்குரிய சிறப்பையும் மறுக்க முடியாது. ஒளியைப் படமாக மாற்றும் அதன் சென்சார் 36×24 மி.மீ.; இதனுடையது 17.3×13 மி.மீ., பரப்பில் ஏறக்குறைய கால் பங்குதான். அதனால் அந்தி சாய்ந்த பின் இதில் எடுத்த படங்களில் இரைச்சல் புள்ளிகள் கூடுதலாகத் தெரிகின்றன. மண்டபத்துக் கல்யாணங்களை இதில் இரண்டு முறைதான் எடுத்திருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மறுவிற்பனையிலும் என் அனுபவம் பழைய கேமரா ஒன்றை விற்றதோடு சரி: வாங்க வந்தவர் படத்தின் தரத்தைக் கேட்கவே இல்லை. பேட்டரி மூடியைத் திறந்து, செப்புத் தொடுமுனையில் படிந்திருந்த பச்சைக் களிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார்.