சோடியம் குறைந்த உப்பு: மூன்று மாதம் சமைத்துப் பார்த்தேன்

மலேசியாவில், சுங்கை சிப்புட் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள மளிகைக் கடையில் வாங்கியது. 400 கிராம், 9 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. சாதாரண உப்பு பக்கத்திலேயே ஒரு வெள்ளி சொச்சத்துக்குக் கிடந்தது. கடைப் பெண்தான், "டிரெஸ்ஸர் ஐயா, கொதிப்பு உள்ளவங்க இப்ப இதைத்தான் வாங்குறாங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். இருபத்தாறு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். பாக்கெட்டைத் திருப்பிப் படித்திருக்க வேண்டும்.

முதலில் ருசி. புளியும் மிளகாயும் சேரும் எதிலும் வித்தியாசம் தெரியாது. நெத்திலி சம்பாலில் சுத்தமாகத் தெரியாது. கஞ்சியில் போட்டால்தான் குட்டு வெளிப்படும்: முதலில் கரிப்பு, அப்புறம் நாக்கடியில் ஐம்பது காசு நாணயத்தை வைத்ததுபோல ஒரு கசப்பு. அவித்த முட்டைமேல் தூவினால் இன்னும் மோசம். என் மனைவி ஒரு வாரம் பொறுத்தாள். "உங்க உப்பை நீங்களே வச்சுக்குங்க" என்று தனக்கு வேறு டப்பா வைத்துக்கொண்டாள்.

கசப்புக்குக் காரணம் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது: பாதி சோடியம் குளோரைடு, பாதி பொட்டாசியம் குளோரைடு. கரிப்பு குறைவு என்பதால் கை தாராளமாகப் போகும். ஒரு தேக்கரண்டி போட்டால் 1,000 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உள்ளே போகிறது.

மூன்றாம் மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 5.8. ஐந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உடனே ஈசிஜி. நல்லவேளை, அதில் கோளாறு இல்லை. டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "ஐயா, உப்பை மாத்துனீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் தினமும் பெரிண்டோபிரில் என்ற கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவன்.

உப்பைக் குறைத்தால் உடம்பு சும்மா இருக்காது. சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். 1898இல் ஸ்டாக்ஹோமில் திகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துக் காட்டிய சரக்கு அது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணி (குமாஸ்தா) மண்டோரிடம் (மேஸ்திரி) சொல்ல, மண்டோர் ஆட்களை விரட்டுவார் இல்லையா, அந்த மாதிரி ரெனினால் ஆஞ்சியோடென்சின் உருவாகும். அது இரத்தக் குழாயை இறுக்கும். அட்ரினல் சுரப்பியை உசுப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் வரவழைக்கும். சோடியத்தை இழுத்துப் பிடித்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது ஆல்டோஸ்டிரோனின் வேலை. பெரிண்டோபிரில் நடுவில் நின்று மண்டோரை, அதாவது ஆஞ்சியோடென்சினை, மறிக்கிறது. அதனால்தான் உப்பைக் குறைப்பவர்களுக்கு இந்த மாத்திரை இன்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் பொட்டாசியத்தைத் தள்ளிவிடும் ஆளும் குறைந்துபோகிறான். நானோ வெளியிலிருந்து கரண்டி கரண்டியாக அதையே அள்ளிப் போட்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் பாக்கெட்டின் மேல்தான். முன்பக்கம் முழுக்கச் சிவப்பு இதயம். 'பிரில்', 'சார்டான்' என்று முடியும் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும் என்று ஒரு வரி, மலாயில்கூட, இல்லை. பொட்டாசியம் ஏறும் ஆபத்து இல்லாதவர்களுக்கு உருப்படியான சரக்குதான், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். எனக்கு முட்டை.

இப்போது சாதாரண உப்புதான், வீட்டில் ஆளுக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். கருவாட்டையும் கீச்சாப்பையும் (சோயா சாஸ்) குறைத்ததுதான் பெரிய பாடு. ஒரு மேசைக்கரண்டி கீச்சாப்பிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம். இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. பொட்டாசியமும் 4.6க்கு இறங்கியது.

செம்பனைக்குப் போடும் எம்ஓபி உரமும் இதே பொட்டாசியம் குளோரைடுதான் என்று வாய் தவறி மனைவியிடம் சொல்லிவிட்டேன். "அப்ப உரத்தையா கஞ்சியில போட்டீங்க?" என்றாள். அன்றிலிருந்து உப்பு டப்பா அவள் கைக்குப் போய்விட்டது.