திருவள்ளுவர் வேஷ செட்: தாடிக்கு மட்டும் காசு கொடுங்கள்

மாறுவேடப் போட்டிக்கென்று ஆன்லைனில் விற்கும் 'திருவள்ளுவர் செட்'டைப் பிரித்தால் கொண்டை விக், தாடி மீசை, ஒட்டு வேட்டி, துண்டு, ஓலைச்சுவடி, எழுதுகோல், கூடவே ஒரு ருத்ராட்ச மாலை இருக்கும். அந்த மாலையிலேயே குட்டு உடைந்துவிடுகிறது. லேபிளை மாற்றினால் இதே செட் வியாசர், விசுவாமித்திரர், யாராவது ஒரு முனிவர்.

வள்ளுவர் எப்படி இருந்தார் என்பதற்குச் சான்றே கிடையாது. அதற்காக இஷ்டத்துக்கு வேஷம் கட்டிவிட முடியாது. பார்ப்பவர் மனதில் இருப்பது கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து, 1964-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட படம்தான். வெள்ளை உடை, உச்சியில் முடிந்த கொண்டை, நீண்ட தாடி, ஓலை, எழுத்தாணி. மதக்குறி ஒன்றும் இல்லை. மாலையை எடுத்து ஓரமாக வையுங்கள். காவித் துண்டு வந்தால் அதையும்.

செட்டின் உயிர் தாடியில் இருக்கிறது, சொதப்புவதும் அதில்தான். இரண்டு காதிலும் மாட்டும் எலாஸ்டிக் மட்டுமே பிடிமானம். பிள்ளை பேசும்போது தாடை கீழே இறங்கும், தாடி இறங்காது. மீசை முடி வாய்க்குள் போகும், 'அகர முதல' பாதி உள்ளேயே நின்றுவிடும். வாய் வரும் இடத்தில் மீசையின் கீழ் ஓரத்தை 1 செ.மீ. கத்தரியுங்கள். தாடியின் இரு மேல்முனைகளையும் இணைத்து, உச்சந்தலை வழியாக இன்னொரு எலாஸ்டிக் தையுங்கள். முதலில் தாடி, அதன் மேல் விக். பிறகு விக்கின் காதோர முடியையும் தாடியையும் சேர்த்துப் பக்கத்துக்கு 2 கொண்டை ஊசி. பெரியவர்களுக்கு ஸ்பிரிட் கம் (ஒட்டுத் தாடியைத் தோலில் ஒட்டும் பசை) போடலாம். பிள்ளைகள் தோலுக்கு வேண்டாம், கழற்றும்போது எரியும். மேடை விளக்கில் நைலான் பளபளக்கும். கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி உதறினால் மட்டுப்படும்.

விக் அநேகமாகத் தொளதொள. கொண்டையின் கனத்தில் பின்னால் சரியும். தலையில் பருத்தித் துணிப்பட்டை ஒன்றைக் கட்டி, அதில் ஊசி குத்தினால் நிற்கும்.

எழுதுகோலைப் பார்த்தால் சிரிப்பு வரும்: பல செட்களில் பிளாஸ்டிக் மயிலிறகுப் பேனா! ஓலையில் மை தொட்டு எழுதுவதில்லை; எழுத்தாணியால் கீறி, பிறகு கரி தேய்ப்பார்கள். முனை மழுங்கிய மரக்குச்சிக்குக் கருப்பு பெயின்ட் அடித்தால் போதும். ஓலைக்கு, சார்ட் அட்டையில் 30 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலத்தில் 12 பட்டைகள் வெட்டி, டீ டிகாக்‌ஷனில் நனைத்து, கனமான புத்தகத்தின் அடியில் வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும். இரண்டு துளை போட்டு ஒன்றில் மட்டும் நூல் கோத்தால், விசிறி மாதிரி விரித்துக் காட்டலாம்.

நின்றுகொண்டு குறள் சொல்லும் பிள்ளைக்கு எழுத்தாணியே தேவையில்லை. 2000-ல் திறந்த, 133 அடி கன்னியாகுமரி சிலையைப் பாருங்கள்: இடது கையில் சுவடி, வலது கையில் அறம், பொருள், இன்பத்துக்கு மூன்று விரல். விரலையும் காட்டி எழுத்தாணியையும் பிடிக்கச் சொன்னால் ஒன்று கீழே விழும்.

வேட்டி பாலியஸ்டர், துண்டும் அப்படியே, தோளில் நிற்காது. வீட்டிலிருக்கும் பருத்தித் துண்டை முன்னும் பின்னும் வேட்டி இடுப்போடு ஊக்கு போட்டுவிடுங்கள். வேட்டி கணுக்காலுக்கு 3 செ.மீ. மேலே நிற்கட்டும், தடுக்காது. செட்டில் போட்டிருக்கும் வயதுக் கணக்கை நம்பாதீர்கள்.

ஆக, முழு செட் தேவையில்லை; தாடியும் விக்கும் தனியாக விற்றால் அதை மட்டும் வாங்குங்கள். வாடகைக்கு எடுப்பதானால் தாடியை முகர்ந்து பாருங்கள், பலர் மூச்சுவிட்ட சாமான். ஷாம்பூ கலந்த குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். இஸ்திரி, ஹேர் டிரையர் சூடு பட்டால் நைலான் முடி சுருங்கிக் கட்டியாகிவிடும், முன்பணமும் திரும்ப வராது. ஜனவரியில் திருவள்ளுவர் தினத்தை ஒட்டி நல்ல தாடிகள் முதலில் போய்விடும். பொங்கலுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.