தருமபுரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வகுப்பு

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளை மூன்று மாதமாக இங்கே அனுப்புகிறேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், மாதம் 400 ரூபாய்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கும் ஒரே ஒரு பாட்டு. முதல் நாள் நானும் கூடவே உட்கார்ந்தேன். அன்றைக்கு எடுத்தது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. நம் தகடூர் அதியமானை ஔவையார் வாழ்த்துவது, 11 வரிதான். நெல்லிக்கனிக் கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாததா? ஆனால் ஆசிரியை கதையைச் சொல்லவே இல்லை. இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். அப்புறம் புரியாத சொல்லுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு. பிறகு ஒரு கேள்வி: “கனி தந்தவனை வாழ்த்தும் பாட்டில் நீலமணி மிடற்றுச் சிவன் எதற்கு வருகிறார்?”

பிள்ளைகள் என்ன பதில் சொன்னாலும், “எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் கண்ணு?” என்று திருப்பிக் கேட்டார். வெகுநேரம் கழித்து என் மகள் ‘அடக்கி’ என்ற சொல்லில் விரல் வைத்தாள். அவர் நஞ்சைத் தொண்டையில் அடக்கினார், இவன் கனியின் பயனை வெளியே சொல்லாமல் மனதுக்குள் அடக்கினான் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை என்றால், அறை சின்னது. 20 பேருக்கு ஒரே மின்விசிறி. ஜெராக்ஸ் தாளில் எழுத்தும் பொடியாக இருக்கிறது, அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

இப்போது கணக்குப் புத்தகத்தையும் பென்சிலோடுதான் திறக்கிறாள். நேற்று ஒரு கணக்கில் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லுக்குக் கோடு போட்டிருந்தாள். அடுத்த மாதம் அக்கா மகனையும் சேர்க்கப் போகிறேன்.